ஒரு மேசை, இரண்டு நாற்காலி: தோட்டப்புறத்தில் போலீஸ் விசாரணைப் படம் எடுப்பது எப்படி

விசாரணைப் படம் எடுக்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்று. நான் திருப்பிக் கேட்பது, உங்கள் இன்ஸ்பெக்டர் தாளில் என்ன எழுதுகிறார் என்று. அதற்குப் பதில் இருந்தால் படம் இருக்கிறது.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ எடுப்பவன். சடங்கு, திருமணம், திருவிழா எல்லாம் ஓய்கிற மாதங்களில் அதே கேமராவையும் அதே லைட்டையும் வைத்துக்கொண்டு இங்குள்ள இளைஞர்களோடு குறும்படம் எடுக்கிறேன். பெரிய செட் போட நமக்கு வசதியில்லை. ஆனால் பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் பேசும் மர்மப் படத்துக்குத் தேவையானது எல்லாம் தோட்டப்புறத்தில் கிடைக்கும்: பழைய கட்டடம், இரவு, மழை, பேசத் தயங்கும் மனிதர்கள்.

கேமராவைத் தொடுமுன் நான்கு தாள் எடுங்கள். முதல் தாளில் அந்த இரவு உண்மையில் நடந்ததை மணிவாரியாக எழுதுங்கள். இரண்டாவதில் விசாரிக்கப்படுபவர் சொல்வது. மூன்றாவதில் இன்ஸ்பெக்டர் கையில் இருக்கும் தடயங்கள், அதைவைத்து அவர் நம்புவது. நான்காவதில் வாக்குமூலமாகப் பதிவாவது. இந்த நான்கும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். அவைதான் உங்கள் காட்சிகள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்து உர ஸ்டோருக்கு ஒரு ஜாகா, அதாவது காவலாளி, அறுபது வயதைத் தாண்டியவர். மழை பெய்த ஓர் இரவு தோட்டத்து இளம் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) காணாமல் போகிறான். அவனுடைய மோட்டார் சைக்கிள் ஆற்றோரம் கிடக்கிறது. பத்து மணிக்கு ஸ்டோரைப் பூட்டிவிட்டு அங்கேயே இருந்தேன் என்கிறார் பெரியவர். உண்மையில் ஒரு மணி நேரம் அவர் அங்கே இல்லை. அந்தக் கிராணியோடு பழகிக்கொண்டிருந்த பேத்தியைத் தேடிப் போயிருந்தார். கிராணிக்கு என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது. பேத்தியின் பெயர் போலீஸ் தாளில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பொய் சொல்கிறார். கொலைகாரன் பொய் சொல்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குற்றமற்றவர் பொய் சொல்லி, அந்தப் பொய்யாலேயே குற்றவாளியாகிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது நமக்கு மூச்சு முட்டும்.

சட்டத்தைப் படியுங்கள். நம் பிள்ளைகள் இதைத் தாண்டிவிட்டு நேரே அடி உதைக்குப் போய்விடுகிறார்கள். நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி, வழக்கைப் பற்றித் தெரிந்திருக்கலாம் என்று நினைக்கும் யாரையும் போலீஸ் அழைத்து வாய்மொழியாக விசாரிக்கலாம். அழைக்கப்பட்டவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தன்மேலேயே குற்றச்சாட்டு வரக்கூடிய கேள்வி என்றால் மறுக்கலாம். எழுதிய வாக்குமூலத்தை, அவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்து, பிறகு கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 117-ஆம் பிரிவின்கீழ் தடுப்புக்காவல் கேட்டால், 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றத்துக்கு மொத்தம் 7 நாள் வரை, 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 14 நாள் வரை கிடைக்கும்.

இதில் உங்களுக்கு எத்தனை காட்சி கிடைக்கிறது பாருங்கள். சாட்சியாக உள்ளே வந்து உட்கார்ந்தவர் எந்த நிமிடத்தில் கைதியாகிறார்? அதுதான் படத்தின் நடுப்பகுதி. 28A பிரிவின்படி கைதானவரை விசாரிக்குமுன், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம் என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் முறைப்படி போனை மேசைமேல் தள்ளுகிறார். பெரியவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண், பேத்தியின் எண். அவர் போனைத் தொடவில்லை. வசனமே இல்லாமல் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வருகிறது, நமக்குப் பயம் வருகிறது. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும் கட்டத்தை உச்சக் காட்சியாக வையுங்கள். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்துத் தமிழில் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தான் சொன்ன பொய் தன் வாழ்க்கை வரலாறாகத் திரும்பி வருவதைப் பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். திருத்த வேண்டுமா என்ற கேள்வி வருகிறது. திருத்தினால் பேத்தி, திருத்தாவிட்டால் அவர்.

அடிக்கும் காட்சி வைக்காதீர்கள். லோக்காப்பில் நடந்த மரணங்களால் நம் சமூகத்தில் எத்தனையோ வீடுகள் இன்னும் அழுதுகொண்டிருக்கின்றன. அந்த வலியைக் கைதட்டலுக்குப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியாது. படத்துக்கும் அது கெடுதல். முதல் அடி விழுந்ததும், யார் பக்கம் நிற்பது என்று பார்ப்பவர் முடிவுசெய்துவிடுவார். மர்மம் அங்கேயே முடிந்துவிடும். இன்ஸ்பெக்டரும் நல்லவராக, தன் வேலையை ஒழுங்காகச் செய்பவராக இருக்கட்டும்.

அவருடைய ஆயுதம் கேள்விதான். “ஸ்டோரை எத்தனை மணிக்குப் பூட்டுனீங்க?” என்ற ஒரே கேள்வியை மூன்று இடத்தில் வையுங்கள். முதலில் படிவம் நிரப்புவதுபோல மலாயில், ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணுக்கும் முகவரிக்கும் நடுவே. பெரியவர் “பத்து மணி, துவான்” என்கிறார், துவான் என்றால் மலாயில் ஐயா. இரண்டாவது முறை, தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தமிழில்: “அண்ணே, மழையில எப்படி மணி பார்த்தீங்க?” அதிகாரி ‘அண்ணே’ என்றதும் பெரியவர் வாயில் ‘துவான்’ போய்த் ‘தம்பி’ வந்துவிடுகிறது. கூடவே சொல்லக்கூடாத ஒரு வார்த்தையும் வந்துவிடுகிறது. மூன்றாவது முறை அவர் எதுவும் கேட்பதில்லை. கோப்பைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

இனி அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும். ஆள் குடியில்லாத லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு), மூடிக்கிடக்கும் தோட்டத்து மருந்தகம், பழைய ஆபீஸ், எதுவானாலும் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஜன்னலை உள்ளிருந்து கறுப்புத் துணியால் அடைத்துவிட்டால் பகலிலும் இரவுக் காட்சி எடுக்கலாம். கதவைக் கீலோடு கழற்றி வையுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

1957-இல் அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் ‘12 ஆங்கிரி மென்’ படத்தை ஏறக்குறைய முழுக்க ஒரே அறைக்குள் எடுத்தார். படம் நகர நகர நீளமான, அதாவது தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸுகளுக்கு மாறினார். கேமராவும் கண்மட்டத்துக்கு மேலே தொடங்கி, கண்மட்டத்துக்கு வந்து, கடைசிப் பகுதியில் கீழே இறங்கியது. சுவர்கள் நெருங்கின, கூரை தலைக்குமேல் வந்து நின்றது. இதை நாமும் செய்யலாம். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் முதல் ஐந்து நிமிடம் 24 அல்லது 35 மில்லிமீட்டர், நடுவில் 50, கடைசியில் 85. 85-இல் தலையும் தோளும் மட்டும் அடங்க ஆறேழு அடி தள்ளி நிற்க வேண்டும், முக்காலிக்கும் உங்களுக்கும் சேர்த்து அறைக்குள் இடம் இருக்காது. அதற்குத்தான் கதவைக் கழற்றச் சொன்னேன், வாசலுக்கு வெளியே நின்று எடுங்கள். ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா என்றால் 85-க்குப் பதில் 56 போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேசையைச் சுவர்ப்பக்கம் அரை அடி தள்ளிவிடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், நெருக்கம் மட்டும் ஏறும்.

வெளிச்சத்துக்குக் கல்யாண வீடியோ லைட்டை முகத்தில் அடிக்காதீர்கள். மேசைக்கு மேலே ஒரு டியூப் லைட், சுவரில் பட்டுத் திரும்பும் இன்னொரு சின்ன லைட் போதும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்காக (1/50) வைத்தால் டியூப் லைட் திரையில் துடிக்காது.

படத்துக்கு வந்துவிட்ட கெடுதலைச் சரிக்கட்டலாம், சத்தத்துக்கு வந்ததைச் சரிக்கட்ட முடியாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் ஒன்றும் கேட்காது. மாலை மழைக்கு முன்போ நடு இரவிலோ எடுங்கள். வசனத்தின்போது காற்றாடியை நிறுத்துங்கள், அதன் சத்தத்தைப் பிறகு தனியாகப் பதியலாம். மழை, குலை ஏற்றிய லோரி, செம்பனை ஆலைச் சங்கு இவற்றையும் தனித்தனியே பதிந்து வையுங்கள். ஆள் பேசாத வெறும் அறையின் ஓசையை ஒரு நிமிடம் பதிய மறக்காதீர்கள், எடிட்டிங்கில் வெட்டுகளை ஒட்டுவது அதுதான். முதல் பாதியில் லோரிச் சத்தம் கேட்கட்டும். பிறகு வெளியுலகச் சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள்.

நடிகர்களில் பெரியவராக நடிப்பவருக்கு நான்கு தாளையும் கொடுங்கள். இன்ஸ்பெக்டராக நடிப்பவருக்கு மூன்றாவது தாள் மட்டும். அவர் உண்மையாகவே தேடுவார், அது கண்ணில் தெரியும். ஒரே அறை என்பதால் கதை வரிசைப்படியே எடுக்கலாம். வியர்வையும் களைப்பும் தானாக ஏறும். தே ஓ கிளாஸில் எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.

சீருடையும் சின்னமும் போட வேண்டுமென்றால் போலீஸ் அனுமதி தேவை. சாதாரணச் சட்டை, கழுத்தில் அட்டை போதும், விசாரணை அதிகாரிகள் பலர் அப்படித்தான் இருப்பார்கள். லோக்காப் காட்சி இருந்தால் காவலில் இருப்பவருக்கு ஊதா நிறச் சட்டை. பினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) தரும் படப்பிடிப்புச் சான்றிதழ் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். பக்கத்து நிலையத்திலும் லயத்து வீடுகளிலும் நேரில் போய்ச் சொல்லுங்கள், இரவில் கூச்சல் கேட்டு யாரும் பதறக் கூடாது.

1948 ஜூன் 16-இல் இந்த ஊர்த் தோட்டங்களில் துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) சுடப்பட்ட வழக்கை எடுக்கலாமா என்று ஒவ்வொரு குழுவும் கேட்கும். முதல் படத்துக்கு வேண்டாம். அவசரகாலச் சட்டம் வேறு, உடை வேறு, அந்தக் காலத்துப் போலீஸ் நிலையத்தின் ஒரு நாற்காலிகூட நம்மிடம் இல்லை.

எடிட் முடிந்ததும் கதை தெரியாத ஆறேழு பேரை உட்காரவைத்துக் காட்டுங்கள், பேத்தி வயதில் ஒருவர், பெரியவர் வயதில் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். முடிந்தவுடன் யாரையும் பேசவிடாமல் ஆளுக்கொரு தாள் கொடுத்து, அந்த ஒரு மணி நேரம் ஜாகா எங்கே போயிருந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் சரியாக எழுதினால் ஒரு தடயத்தை வெட்டுங்கள். ஒருவரும் எழுதவில்லை என்றால், போனைத் தொடாத அந்தக் காட்சியில் இன்னும் ஐந்து வினாடி கூட்டுங்கள்.