ஏசஸ் ஹை விளையாட்டில் அணி மாறுதல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை இணையத்தில் ஓட்டிப் போரிடும் ஏசஸ் ஹை விளையாட்டின் முதன்மைக் களத்தில், பிஷப், நைட், ரூக் என்று சதுரங்கக் காய்களின் பெயர் தாங்கிய மூன்று நாடுகள் உண்டு. ரூக் அணியில் இருப்பவர் ஸ்பிட்ஃபயரையும் ஓட்டலாம், மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐயும் ஓட்டலாம். மூன்று நாடுகளுக்கும் விமானங்கள் பொதுவானவை என்பதால், ஒருவர் ஒரே நாட்டில் ஆண்டுக்கணக்காக நீடிப்பதற்கு உடன் பறக்கும் மனிதர்களே காரணம். அணி மாறுவோர்மீது சிலருக்கு உண்டாகும் கசப்பும் அதனால்தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஆட்டங்களில் அணி மாறலாமா என்ற கேள்வியே எழுவதில்லை. இங்கோ ஒரே வரைபடத்தின்மீது நாள்கணக்கில் போர் நடக்கிறது.

முதற்படியாக, ஏதேனும் ஒரு நாட்டைத் தேர்ந்து சில வாரங்கள் அங்கேயே இருங்கள். வாலில் எதிரி ஒட்டியிருப்பதை எச்சரித்துச் சொல்லும் குரலை அடையாளம் கண்டு நம்பப் பழகுவதற்கு அவ்வளவு காலமாவது வேண்டும்.

அடுத்து, எண்ணிக்கையைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஈ.என்.ஒய். என்ற மதிப்பு உண்டு. லா-7 போன்ற வலிமையான விமானத்துக்கு அது 5. வலிமை குறையக் குறைய மதிப்பு 40 வரை ஏறும். ஒரு நாட்டில் ஆட்கள் அளவுக்கு மீறிக் கூடிவிட்டால், குறைந்த மதிப்புள்ள விமானங்கள் அந்த நாட்டினருக்குப் பூட்டப்படும். விருப்பமான விமானம் கிடைக்காததைப் புதியவர்கள் தண்டனையாகக் கருதி வருந்துகிறார்கள். ஆனால் அது ஆள் குறைந்த நாட்டைக் காப்பதற்கான ஏற்பாடு. இருபது பேர் சேர்ந்து ஐந்து பேரை விரட்டுவதில் யாருக்கும் நல்ல போர் கிடைப்பதில்லை. அத்தகைய நேரத்தில் சிறிய அணிக்குச் செல்பவரை நான் துரோகி என்று எண்ணமாட்டேன். களத்துக்கே அவர் நன்மை செய்கிறார். வெல்லும் பக்கம் எதுவென்று பார்த்து அங்கே தாவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மாறுவதென்று முடிவு செய்தால், ஏற்றுக்கொண்ட பணியை முதலில் முடித்துவிடுங்கள். எதிரியின் விமானத்தளத்தைக் கைப்பற்ற, அதன் நகரக் கட்டடங்களைத் தகர்த்தபின், சி-47 என்ற போக்குவரத்து விமானத்திலோ கவச வண்டியிலோ 10 வீரர்களைக் கொண்டுவந்து வரைபட அறைக்குள் புகவிட வேண்டும். அந்த சி-47 விமானத்துக்குக் காவலாகப் பறக்கும் நீங்கள் பாதி வழியில் விலகினால், பலரின் ஒரு மணி நேர உழைப்பு வீணாகலாம். ஆகவே தரையிறங்கி, பறக்காதபோது ஆட்டக்காரர் இருக்கும் கோபுரத்துக்குத் திரும்பி, "எண்ணிக்கை சமமாவதற்காக நைட் பக்கம் போகிறேன்" என்று அணியின் சேனலில் எழுதிவிட்டு, அதன்பின் நாட்டை மாற்றுங்கள். சொல்லாமல் மறைபவர்மீதுதான் சந்தேகம் விழும்.

மாறியவுடன் திரும்பி வர இயலாது. குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும். இந்தத் தடைக்கு வலுவான காரணம் இருக்கிறது. 10 வீரர்களோடு மரங்களை ஒட்டித் தாழப் பறந்து வரும் சி-47 எந்தத் திசையில் வருகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டாலே போதும், எதிரியின் ஒற்றைப் போர்விமானம் அந்தத் தாக்குதலை முறியடித்துவிடும். எனவே பழைய அணியின் சேனலில் கேட்ட எதையும் புதிய அணியில் சொல்லாதீர்கள். அவர்கள் வற்புறுத்திக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். இரண்டாவது கணக்கு வைத்து ஒற்றறிவதும் இதே குற்றம்தான். என் பார்வையில் விசுவாசம் என்பதன் முழுப் பொருளும் இந்த ஒரு கட்டுப்பாட்டில் அடங்கியிருக்கிறது.

சேர்ந்து பறக்கும் ஆட்டக்காரர்களின் குழுவான ஸ்குவாட்ரனில் சேர்ந்திருந்தால் தனியாக முடிவெடுக்க வேண்டாம். ஏறத்தாழ ஒரு மாதம் நீளும் டூர் என்ற மதிப்பெண் சுற்று முடிந்ததும் ஒட்டுமொத்தமாக அடுத்த நாட்டுக்குப் பெயரும் குழுக்கள் உண்டு. ஒரே நாட்டைவிட்டு அசையாத குழுக்களும் உண்டு. உங்கள் குழு எவ்வகை என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய பக்கத்தில் முதல் மாலை, தாக்கப்படும் தளம் ஒன்றைக் காப்பதற்குப் பறந்து எழுங்கள். நேற்று வரை உங்களுக்குத் துணையாகப் பறந்தவர் இன்று உங்களைச் சுட்டு வீழ்த்தலாம். அப்போது பொதுச் சேனலில் ஒரு சல்யூட் அனுப்புவது இங்குள்ள பழைய வழக்கம். அவரும் பெரும்பாலும் பதில் சல்யூட் அனுப்புவார்.