கப்பலில் இருப்பதாகச் சொல்லிப் பழகுபவர் பணம் கேட்டால்

தண்டையார்பேட்டையில் விண்ணப்பம் நிரப்பித் தரும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். இணையத்தில் வரன் பார்த்தோ காதலித்தோ பணத்தை இழந்தவர்கள், சைபர் புகாரைப் பதிவு செய்ய என்னிடம் வரும்போது, கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வாய் திறப்பார்கள். அவர்களிடம் பழகியவர் பெரும்பாலும் வெளிநாட்டு மருத்துவராகவோ, ராணுவ அதிகாரியாகவோ, கப்பல் அதிகாரியாகவோ தன்னைச் சொல்லிக்கொண்டிருப்பார். கப்பல் வேடத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு அதைச் சோதித்துச் சொல்ல ராயபுரத்திலும் காலடிப்பேட்டையிலும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை என்பதுதான்.

மோசடிக்காரருக்கு இந்த வேடம் மிகவும் வசதியானது. நடுக்கடலில் சிக்னல் இல்லை என்று சொல்லி வீடியோ காலைத் தட்டிக் கழிக்கலாம். ஒப்பந்தம் முடியவில்லை என்று சொல்லி மாதக்கணக்கில் நேரில் வராமல் இருக்கலாம். சம்பளம் வெளிநாட்டுக் கணக்கில் முடங்கிக் கிடக்கிறது என்று சொல்லிக் கடன் கேட்கலாம். இன்று பல சரக்குக் கப்பல்களில் செயற்கைக்கோள் இணையம் உண்டு. நாள் முழுவதும் செய்தி அனுப்ப முடிகிற ஒருவரால் ஐந்து நிமிடம் முகத்தைக் காட்ட முடியவில்லை என்றால், அங்கேயே நிறுத்தி யோசியுங்கள். வீடியோவில் முகம் தெரிந்தாலும், போலி முகத்தை உருவாக்கும் செயலிகள் வந்துவிட்டதால், அதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

நாற்பதைக் கடந்த ஒரு பெண், இரண்டு வளையல்களை அடகு வைத்துப் பணம் அனுப்பிய பின் என்னிடம் வந்தார். காலை ஆறு மணிக்குத் தவறாமல் வரும் ‘எழுந்தாச்சா மா’ என்ற செய்திகளைத் திரையில் தள்ளித் தள்ளிக் காட்டினார். உடன் வந்திருந்த அவருடைய தாய்மாமா, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த மனிதரின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு படத்தில் தோள்பட்டையில் பதவியைக் காட்டும் கோடுகள் மூன்று, அதே வாரம் அனுப்பிய இன்னொரு படத்தில் நான்கு. “சைன் ஆஃப் ஆகி, அதான் கப்பல் வேலையை முடிச்சு இறங்கி, ஊருக்கு வர கம்பெனிக்குப் பணம் கட்டணும்னு சொன்னாரு மாமா” என்று அவர் சொன்னதும், “எந்தக் கப்பல்லமா ஆளு சொந்தக் காசு கட்டி இறங்குறான்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார் பெரியவர். நிச்சயம் ஆகும்வரை வீட்டில் சொல்லாதே என்று அந்த மனிதர் சத்தியம் வாங்கியிருந்தாராம். மோசடியின் பலம் முழுவதும் அந்தச் சத்தியத்தில்தான் இருக்கிறது. ஆகவே, யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் கேட்கும் நாளிலேயே, நீங்கள் நம்பும் ஒருவரிடம் அந்த உரையாடலை அப்படியே படிக்கக் கொடுங்கள்.

பெரியவர் சொன்னது சட்டப்படியும் சரியானது. இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி, மாலுமியை ஊருக்கு அனுப்பி வைக்கும் செலவைக் கப்பல் உரிமையாளரே ஏற்பது பொதுவிதி. விடுப்புக் கட்டணம், மாற்று ஆள் கட்டணம் என்று உறவினரிடமோ காதலியிடமோ வசூலிக்கும் வழக்கம் எந்தக் கப்பலிலும் கிடையாது. கப்பலின் பெயரையும், அதன் நிரந்தர அடையாளமான ஐஎம்ஓ எண்ணையும் கேளுங்கள். அது ஏழு இலக்க எண். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கம், ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். கணக்கு ஒத்துவந்தால், கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் இணையதளங்களில் அந்தக் கப்பல் அவர் சொன்ன கடலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் எண் உண்மையாக இருப்பது கப்பல் உண்மை என்பதை மட்டுமே காட்டும். ஆள் உண்மை என்பதற்கு அது சாட்சி ஆகாது. அவருடைய படத்தை கூகுள் லென்ஸில் தேடினால், அதே முகம் வேறு பெயரில் வேறு நாட்டில் இருப்பது சில நேரம் தெரிந்துவிடும்.

அடுத்து வருவது பார்சல். நகையும் ஐபோனும் அனுப்பியிருக்கிறேன் என்பார். இரண்டு நாளில் சுங்க அதிகாரி என்று ஒருவர் அழைத்து, தீர்வை கட்டாவிட்டால் வழக்கு என்று மிரட்டுவார். சுங்கத் தீர்வையைத் தனிநபரின் வங்கிக் கணக்கிலோ யுபிஐ எண்ணிலோ செலுத்தச் சொல்லும் நடைமுறையே இல்லை. சுங்கத்துறையின் கடிதங்களில் இருக்கும் ஆவண அடையாள எண்ணை மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சென்னைச் சுங்க இல்லம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. அழைத்தவரிடம், நேரில் வந்து கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

பணம் கேட்காமல் பணம் சம்பாதித்துத் தருவதாகச் சொல்பவர் இன்னும் ஆபத்தானவர். அவர் காட்டும் முதலீட்டுச் செயலியில் முதலில் போட்ட சிறு தொகை லாபத்தோடு திரும்பி வரும். பெரிய தொகை போட்ட பின், எடுக்க வேண்டுமென்றால் வரி கட்டு என்பார்கள். உங்கள் கணக்கில் பணம் போட்டு வேறு கணக்குக்கு மாற்றித் தரச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இன்னொருவரிடம் பறித்த பணமாக இருந்தால் கணக்கு முடக்கப்பட்டு, விசாரணைக்கு நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம், அனுப்பியவர்களிடம் மறுபடியும் கேட்பார்கள். ஸ்டாப்என்சிஐஐ என்ற இணையதளம், படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமலேயே அதன் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, பங்கேற்கும் சமூக ஊடகங்கள் அந்தப் படத்தைத் தடுக்க உதவுகிறது. இது பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கானது.

பணம் போய்விட்டால் அழுது முடிக்கக் காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, தொகை, பெற்றவரின் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பிறகு உங்கள் வங்கிக்கும் தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். அவமானத்தில் உரையாடலை அழித்துவிடுபவர்கள் பலர். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள், அந்த எண்ணை பிளாக் செய்வதும் அதற்குப் பிறகுதான். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் அந்த முதல் நாளில் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து விவரங்களை எழுதிக் கொடுங்கள். சில வாரங்கள் கழித்து வக்கீல் என்றோ சைபர் நிபுணர் என்றோ ஒருவர் அழைத்து, கட்டணம் கட்டினால் போன பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லக்கூடும். அவருக்கும் பணம் கொடுக்காமல், அந்த எண்ணையும் அதே புகாரோடு சேர்த்துக் காவல்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.