ஐவிஎஃப் கைகூடவில்லையா? அடுத்த முறைக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

ஐவிஎஃப் என்பது முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் சிகிச்சை. கரு ஒட்டவில்லை என்று பீட்டா எச்சிஜி (கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு வந்த வாரத்தில் எதையும் தீர்மானிக்க வேண்டாம். அடுத்த மாதவிடாய் வந்து போகட்டும். அதற்குள் முழு ஃபைலின் நகலை வாங்கிவிடுங்கள். ஒற்றைப் பக்க டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. எழுத்தில் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

ஃபைலில் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்: தினமும் போட்ட ஊசியின் பெயரும் அளவும், எடுத்த முட்டைகள், அவற்றில் முதிர்ந்தவை, கருவுற்றவை, 3ஆம் நாளிலும் 5ஆம் நாளிலும் மிஞ்சிய கருக்களும் அவற்றின் தரமும், கரு வைப்பதற்கு முன் கருப்பை உள்சவ்வின் தடிமன், உறைய வைத்த கருக்களின் எண்ணிக்கை. உறைந்த கரு மிச்சமிருந்தால் அந்த முறை இன்னும் முடியவில்லை. அவற்றை வைத்துப் பார்க்காமல் மறுபடி முட்டை எடுக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

இனி, எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தே மாறும்.

மூன்று முட்டைக்கு மேல் கிடைக்கவில்லை, முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏஎம்எச்சும் 1.2க்குக் கீழே (ng/ml) என்றால் சினைப்பையில் இருப்பே குறைவு. முட்டைகளை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஊசியை நாளுக்கு 300 யூனிட்டுக்கு மேல் ஏற்றினால் செலவு ஏறும், முட்டை ஏறாது. ஏஎம்எச் நன்றாக இருந்தும் முட்டை குறைந்தால் மருந்தின் அளவை மாற்றிப் பார்க்க இடமுண்டு. முட்டைகள் நிறைய, முதிர்ந்தவை குறைவு என்றால் முட்டையைக் கடைசியாக முதிர வைக்கும் டிரிகர் ஊசி போட்ட நேரத்தைச் சரிபாருங்கள். அதற்கும் முட்டை எடுத்ததற்கும் இடையே சுமார் 36 மணி நேரம் இருக்க வேண்டும். நேரம் சரி என்றால் அடுத்த முறை இரட்டை டிரிகர் (இரண்டு வகை டிரிகர் மருந்தைச் சேர்த்துப் போடுவது) பற்றிக் கேட்கலாம்.

இக்சியில் (ஒரு விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை) முதிர்ந்த 10 முட்டைக்கு 6 முதல் 8 வரை கருவுறுவது வழக்கம். ஒன்றுமே கருவுறவில்லை, அல்லது மூன்றுக்கும் குறைவு என்றால் முட்டையைத் தூண்டும் கால்சியம் அயனோஃபோர் பற்றி ஆய்வகத்தில் பேசுங்கள்.

3ஆம் நாள் அழகாக இருந்த கருக்கள் 5ஆம் நாளுக்கு வராமல் நிற்பதும் உண்டு. 4 முதல் 8 செல் கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. முட்டையின் குறையோடு விந்தின் குறையும் அங்கே வெளிப்படும். பல ஃபைல்களில் மனைவிக்கு இருபது பரிசோதனை, கணவருக்கு ஒரே ஒரு விந்து எண்ணிக்கை. இது நியாயமும் இல்லை, மருத்துவமும் இல்லை. விந்தணு டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனையும், வேரிகோசீல் (விதைப்பை நரம்புப் புடைப்பு) இருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்யுங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதனால் புகைப்பதை நிறுத்தினாலும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினாலும் பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும்.

நல்ல பிளாஸ்டோசிஸ்ட் (5ஆம் நாள் வரை வளர்ந்த கரு) வைத்தும் ஒட்டவில்லை என்றால் முதலில் முட்டையின் வயதைப் பாருங்கள். 35 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு கருவுக்கும், 40ல் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கும் குரோமோசோம் கோளாறு இருக்கும். 40 வயதில் இரண்டு கரு ஒட்டாமல் போனதை வைத்து “கருப்பை ஏற்கவில்லை” என்று முடிவு கட்ட முடியாது. கருவின் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பிஜிடி-ஏ பரிசோதனை நல்ல கருவை அடையாளம் காட்டுமே தவிர உருவாக்காது. ஒன்றிரண்டு கருதான் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது வீண் செலவு.

இரண்டு மூன்று நல்ல கருக்களுக்குப் பிறகும் ஒட்டாவிட்டால் கருப்பையை முறையாகப் பார்க்க வேண்டும். கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி), ஒட்டுத்திசு தெரியும். கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் அது கருப்பைக்குள் வடிந்து, கரு ஒட்டும் வாய்ப்பைப் பாதியாக்கிவிடும். கரு வைக்கும் முன்பே அந்தக் குழாயை அகற்ற வேண்டும் அல்லது கிளிப் போட வேண்டும். அடினோமயோசிஸ் (உள்சவ்வுத் திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது) இருந்தால் இரண்டு மூன்று மாதம் ஹார்மோனை அடக்கும் லூப்ரோலைட் ஊசி போட்டுவிட்டு உறைந்த கருவை வைப்பார்கள். உள்சவ்வில் நாள்பட்ட அழற்சி என்று திசுவை எடுத்துப் பார்க்கும் சிடி138 பரிசோதனை காட்டினால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை போதும். நம் நாட்டில் கருப்பைக் காசநோயையும் தேட வேண்டும். ஆனால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பாசிட்டிவ் என்ற ஒரே தாளை வைத்து ஆறு மாத மருந்தைத் தொடங்காதீர்கள். ஜீன்எக்ஸ்பர்ட், கல்ச்சர், திசுப் பரிசோதனை என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். டிஎஸ்எச் (தைராய்டு), எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) பரிசோதனைகளும் தேவை.

இந்தக் கட்டத்தில்தான் கூடுதல் சிகிச்சைகளின் பட்டியல் நீட்டப்படும். உள்சவ்வைக் கீறிவிடும் ‘ஸ்கிராட்ச்’ பற்றி 1,300க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2019ல் வெளியானது. கீறியவர்கள், கீறாதவர்கள் இரு தரப்பிலும் 26.1 சதவீதம் பேருக்கே குழந்தை பிறந்தது. கரு வைக்கும் நேரத்தைக் குறிக்கும் ஈஆர்ஏ பரிசோதனையாலும் பலன் கூடவில்லை என்று 2022ல் வந்த ஆய்வு காட்டியது. நரம்பு வழி ஏற்றும் கொழுப்புக் கரைசலான இன்ட்ராலிப்பிட் டிரிப்பை ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2023ல் பரிந்துரைக்க மறுத்தது. எதைச் சொன்னாலும் “என் ஃபைலில் எதைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள், டாக்டர்?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அதே ஃபைலோடு வேறொரு மருத்துவரிடம் போய்க் கருத்துக் கேளுங்கள்.

வயது 43ஐத் தாண்டிவிட்டது, அல்லது இரண்டு முறை மருந்தை மாற்றியும் நல்ல கரு உருவாகவில்லை என்றால் டோனர் முட்டை (வேறொரு பெண் கொடுக்கும் முட்டை) பற்றிப் பேச வேண்டிய நேரம். 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டப்படி சிகிச்சைக்கு மனைவிக்கு 50, கணவருக்கு 55 வயது உச்ச வரம்பு. பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் முட்டை பெற முடியும். கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஏழு முட்டையில் இரண்டு மூன்று பிளாஸ்டோசிஸ்ட் வந்தாலே நல்லது. ஆகவே இதுவும் உறுதியான வழி அல்ல. முதல் கருவிலேயே நடந்துவிடும் என்று எண்ணிச் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டுவிடாதீர்கள்.

தத்தெடுப்பதில் மனம் இருந்தால் சிகிச்சை முடியக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85க்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் விதி. திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும் என்பதால் இப்போதே பதிவு செய்யுங்கள்.

மறுபடியும் முயல்வது என்று முடிவானால், இன்னும் எத்தனை முறை முட்டை எடுப்பது, எவ்வளவு பணம், எந்த வயது வரை என்று கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதி, பிறகு சேர்ந்து படியுங்கள். இரண்டு தாளில் எது சிறிய எண்ணோ அதுவே எல்லை; உடலில் ஊசி ஏறுவது மனைவிக்கு என்பதால் எத்தனை முறை என்பதில் மட்டும் அவர் சொல்வதே முடிவு. மருத்துவமனையிடம் ஊசி, இக்சி, உறைய வைப்பது, ஆண்டு வாடகை, கரு வைப்பது என்று தனித்தனியாகத் தொகை குறித்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ‘பேக்கேஜ்’ தொகையில் ஊசி மருந்து பெரும்பாலும் சேராது.