டிஃபியூஷன் நார்மல் என்றால் பார்க்கின்சன் இல்லை என்று அர்த்தமா?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கில் மேல் மாடியில் இருக்கும் அண்ணன் ஒருவர், அப்பாவின் எம்ஆர்ஐ அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். பெரியவருக்கு 71 வயது. வலது கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்குகிறது. சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆகிறது. டிஃபியூஷனில் கோளாறு எதுவும் இல்லை என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டி, "அப்போ பார்க்கின்சன் இல்லைதானே தம்பி?" என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபிறகு எனக்கு உடனே வாய் வரவில்லை. மூளைப் படங்களை அலசுவதுதான் என் வேலை. நான் அதிகம் பார்க்கிற தவறு இந்த வரியைத் தப்பாகப் படிப்பதுதான்.

டிஃபியூஷன் என்பது எம்ஆர்ஐயில் எடுக்கும் ஒரு வகைப் படம். அது அளப்பது ஒன்றைத்தான்: மூளைத் திசுவில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை. பக்கவாதம் வந்ததும் செல்கள் வீங்கி, நீர் நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும். அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கும் டிஃபியூஷன் முக்கியமாக அதைத்தான் தேடுகிறது. பார்க்கின்சனில் நடப்பது வேறு. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கறுப்புத் திட்டில், டோபமின் சுரக்கும் செல்கள் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அழிகின்றன. அந்த மாற்றம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது. ஆகவே அண்ணன் காட்டிய வரிக்கு, புதிதாகப் பக்கவாதம் எதுவும் இல்லை என்றுதான் பொருள். பார்க்கின்சனைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் நேரடிப் பரிசோதனைதான்: அசைவில் மந்தம், அதோடு தசை விறைப்போ ஓய்வில் நடுக்கமோ, பிறகு லெவோடோபா மருந்துக்கு உடல் எப்படி இணங்குகிறது என்பது. வேறு காரணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் எம்ஆர்ஐ பெரும்பாலும் உதவுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டிஃபியூஷன் பற்றிய ஆய்வுச் செய்தியைப் படித்துவிட்டு, "அந்த ஸ்கேனை எடுத்தால் தெரிந்துவிடுமாமே" என்று கேட்டு வருகிறவர்கள். அந்த ஆய்வுகள் டிஃபியூஷன் படத்திலிருந்து எஃப்ஏ என்ற எண்ணைக் கணக்கிடுகின்றன; நீர் ஒரே திசையில் எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்பதை அது 0 முதல் 1 வரை காட்டும். சிங்கப்பூரிலேயே 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 73 நோயாளிகளையும் 78 மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். கறுப்புத் திட்டில் எஃப்ஏ நோயாளிகளுக்குச் சராசரியில் குறைவாக இருந்தது. 2009-இல் அமெரிக்காவில் 14 பேருக்கு 14 பேர் என்று ஒப்பிட்ட ஆய்வு, ஒருவரைக்கூடத் தவறவிடாமல் பிரித்தது. எவ்வளவு நம்பிக்கை தந்தது அது! ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் துல்லியம் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு கூட்டங்களின் சராசரி வேறுபடுவது ஒன்று, உங்கள் அப்பா எந்தக் கூட்டம் என்று சொல்வது முற்றிலும் வேறொன்று.

ஏன் திரும்பக் கிடைக்கவில்லை? அளவைப் பாருங்கள். டிஃபியூஷன் படத்தின் ஒரு கட்டம் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர். கறுப்புத் திட்டின் தடிமனே சில மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் எஃப்ஏ மிக உயர்ந்த நரம்பிழைக் கட்டு, கொஞ்சம் தள்ளினால் மூளைத் தண்டுவட நீர். திட்டை அளக்கப் படத்தின் மேல் நாம் வரையும் வட்டம் ஒரு கட்டம் நகர்ந்தாலே எண் மாறிவிடும். திட்டில் சேரும் இரும்பும் சிக்னலைக் குறைக்கும். இதனால்தான் செல்களுக்கு வெளியே கிடக்கும் நீரைத் தனியாகப் பிரித்து அளக்கும் முறை வந்தது. திட்டின் பின்பகுதியில் அந்த நீர் பார்க்கின்சனில் கூடுகிறது, நாளாக ஆக இன்னும் ஏறுகிறது என்று 2015-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. எனக்கு நம்பிக்கை இருப்பது இந்த வழியில்தான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது தலை அசைவைப் பற்றி. தாடை நடுங்குகிறவர் இயந்திரத்துக்குள் படுத்தால், இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்தாலும் தலை லேசாக ஆடும். மென்பொருள் படத்தை நேராக்கிவிடும், சரி. ஆனால் படத்தைத் திருப்பிய அதே அளவுக்கு, நீரின் நகர்வை எந்தெந்தத் திசைகளில் அளந்தோமோ அந்தப் பட்டியலையும் திருப்ப வேண்டும். மறந்தால் நரம்பிழைகளின் திசையே பிசகும். நோயாளிகள் அதிகமாகவும் மற்றவர்கள் குறைவாகவும் அசைந்திருந்தால், நோயின் வித்தியாசம் என்று நாம் எழுதுவது வெறும் அசைவின் வித்தியாசமாகக்கூட இருக்கலாம். இயந்திரத்தை மாற்றி எடுத்த இரண்டு படங்களை அப்படியே ஒப்பிடுவதும் இதே வகைத் தவறு.

இன்னொன்று, கேள்வியையே மாற்றிப் போடுவது. 2025-இல் அமெரிக்கா, கனடாவின் 21 மையங்களில் 249 பேரிடம் நடந்த ஆய்வில், டிஃபியூஷன் படமும் கணினிக் கற்றலும் சேர்ந்து மிக நன்றாக வேலை செய்தன. ஆனால் அங்கே கேட்ட கேள்வி "நோய் இருக்கிறதா" என்பது அல்ல. பார்க்கின்சனா, அதைப் போலவே தோன்றும் எம்எஸ்ஏ, பிஎஸ்பி நோய்களா என்பது. டிஃபியூஷன் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இது.

ஸ்கேனுக்காக மருந்தை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று விடுவது ஆபத்து.

அண்ணனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள் அண்ணே, நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்" என்றேன். அப்புறம் அவருடைய கைப்பேசியை வாங்கி, வீடியோ எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன்: அப்பா டிவி பார்க்கும்போது மடியில் கிடக்கும் வலது கையை ஒரு நிமிடம், காலையில் சட்டைப் பொத்தான் போடுவதை முதலிலிருந்து கடைசிவரை.