மிக்ஸிடீமா கோமா: வார்டில் முதல் சில மணி நேரம்

"அம்மா ரெண்டு நாளா எழுந்திரிக்கவே இல்ல சிஸ்டர், தூங்கிட்டே இருக்காங்க." முகம் உப்பி, நாக்கு தடித்து, உடம்பு ஜில்லென்று இருக்கிறது. கால் வீக்கத்தை அழுத்தினால் குழி விழவில்லை. இது மிக்ஸிடீமா கோமாவாக இருக்கலாம், அதாவது தைராய்டு ஹார்மோன் மிகவும் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை. தைராய்டு மாத்திரையை எப்போது நிறுத்தினார்கள் என்று உடனே கேளுங்கள். கழுத்தில் பழைய ஆபரேஷன் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

1. வெப்பநிலை. புதியவர்கள் தவறுவது இங்கேதான். சாதாரண பாதரசத் தெர்மாமீட்டரின் அளவே சுமார் 35 டிகிரி செல்சியஸில்தான் தொடங்கும். நோயாளி 32-ல் இருந்தால் பாதரசம் நகராது. சரியாக வைக்கவில்லை போல என்று விட்டுவிடுவோம். குறைந்த வெப்பம் காட்டும் கருவியால் ஆசனவாய் வழியாக எடுங்கள். காய்ச்சல் இல்லாததால் தொற்று இல்லை என்று நினைக்காதீர்கள். இவர்களுக்கு நிமோனியாவிலும் உடம்பு சுடாமல் இருக்கலாம்.

2. மூச்சு. ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தாலும் உள்ளே கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம். ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயு அளவு பார்க்கும் டெஸ்ட்) பார்த்தால்தான் தெரியும். நாக்கு தடித்திருப்பதால் மூச்சுக்குக் குழாய் போடுவது கடினம், அதற்கான ட்ரே பக்கத்திலேயே இருக்கட்டும். தூக்க மருந்து வேண்டாம்.

3. மருந்தின் வரிசை. முதலில் டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 (இரண்டும் தைராய்டு டெஸ்ட்), கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) இவற்றுக்கு ரத்த சாம்பிள். அடுத்து கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், வழக்கமாக 8 மணிக்கொரு முறை 100 மி.கி. அதன் பிறகே தைராக்ஸின், அதாவது தைராய்டு ஹார்மோன் மருந்து. தைராக்ஸின் உடம்பிலுள்ள கார்டிசாலை வேகமாகச் செலவழித்துவிடும். அட்ரினல் சுரப்பியும் பழுதாகியிருந்தால் பிரஷர் சரிந்துவிடும். தைராக்ஸின் முதல் டோஸ் பொதுவாக 200 முதல் 400 மைக்ரோகிராம், ரத்தக் குழாயில் ஊசியாக. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் டாக்டர் குறைத்து எழுதுவார். ஊசி கிடைக்காமல் ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) கொடுத்தால், வயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். குடல் அசையாவிட்டால் மருந்து சேராது. மானிட்டரை விட்டு நகராதீர்கள்: நாடி தாறுமாறாகத் துடித்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

4. சூடேற்றுவது. கம்பளி, சாக்ஸ், குல்லா, ஏசியை அணைப்பது, அவ்வளவுதான். ஹாட் வாட்டர் பேக் கூடாது. தோலில் சூடு பட்டதும் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் விழும். நாம் அந்தப் பக்கம் போனதும் மகள் பையிலிருந்து அதை எடுத்துக் கம்பளிக்குள் வைப்பாள். பாசம்தான், திட்டாமல் காரணத்தைச் சொல்லுங்கள்.

5. சர்க்கரை மணிக்கொரு முறை. சோடியம் குறைந்திருக்கும், அதனால் டிரிப்பை இஷ்டத்துக்கு ஓடவிடாதீர்கள். சிறுநீர் அளவு, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் வழக்கம்போல்.

வீட்டுக்குப் போகும்போது: மாத்திரை வெறும் வயிற்றில், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. "நல்லாயிட்டேன்னு நிறுத்திட்டேன்" என்றுதான் முன்பும் வந்தார்கள். அதனால் மகளையும் நிற்கவைத்துச் சொல்லுங்கள்.