கணக்கில் லாபம், டப்பாவில் காசில்லை: பல் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு கிளினிக் விளையாட்டு

இறுதியாண்டு மாணவர்களுக்கு கிளினிக் நிர்வாகத்தை ஸ்லைடு போட்டுச் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். விளையாட்டாக மாற்றியதும் சண்டையே போட்டார்கள். இப்போது நடத்தும் முறை இதுதான்.

1. நாலு பேருக்கு ஒரு கிளினிக், ஒரே சேர். ஒரு சுற்று என்பது ஒரு மாதம். ஆறு சுற்று போதும்.

2. வாடகை, சம்பளம், கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 300 காசு. ஒரு நோயாளியிடம் சராசரி வரவு 2, பொருள் செலவு அரை. மிஞ்சுவது ஒன்றரை. 300-ஐ அதால் வகுத்தால் 200 பேர். 25 வேலை நாளுக்கு, தினம் 8 பேர். இதை அவர்களே போட்டுக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

3. ஒவ்வொரு அப்பாயின்ட்மென்டுக்கும் பகடை. 1 விழுந்தால் ஆள் வரவில்லை. எட்டுப் பேர் வர பத்துப் பேருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாம் சுற்றிலேயே உறைக்கும்.

4. நான் சறுக்கிய இடம் இது. முதல் தடவை லாபத்தை மட்டும் எழுதச் சொன்னேன். எல்லா அணியும் ஜெயித்தது! நிஜத்தில் அப்படியா நடக்கிறது? ஒரு கிரவுனுக்கு (பல்லின் மேல் மாட்டும் உறை) கட்டணம் 12, அதைச் செய்துதரும் லேபின் பில் 4. நோயாளி மூன்று தவணையில் தருகிறார். முதல் மாதம் வந்த 4 அப்படியே லேபுக்குப் போய்விடும். பத்து கிரவுன் போட்ட அணிக்கு ஏட்டில் லாபம் 80, கையில் பூஜ்யம், சம்பள நாள் நாளைக்கு. அதனால் இப்போது இரண்டு டப்பா: 'கையிருப்பு', 'வரவேண்டியது'. சம்பளம் முதல் டப்பாவிலிருந்து மட்டும்தான்.

காசுக்கு பட்டன்களே என் கட்சி. கூகுள் ஷீட்ஸ் கடைசிச் சுற்றுக்குப் பிறகு வரட்டும். திரையில் எண் குறைந்தால் யாருக்கும் வலிக்காது. டப்பா காலியானால் முகமே மாறுகிறது.

5. இடையிடையே விபத்துச் சீட்டு: ஆட்டோகிளேவ் (கருவிகளைக் கிருமிநீக்கும் இயந்திரம்) பழுது, உதவியாளர் விடுப்பு.

பின்சேர்க்கை: முயன்று பார்த்த ஒரு வாசகி, தன் மாணவர்கள் ஜெயிப்பதற்காக வந்தவருக்கெல்லாம் கிரவுன் எழுதினார்கள் என்றார். எனக்குத் தோன்றவே இல்லை! இப்போது நோயாளிச் சீட்டிலேயே நோயைக் குறித்துவிடுகிறேன். சின்னச் சொத்தைக்கு ஃபில்லிங்தான். மீறினால் அடுத்த மாதம் 20 நோயாளிகள் குறைவு. கிருமிநீக்கச் செலவில் கை வைத்தால் கிளினிக் அந்தச் சுற்று முழுக்க மூடல். கடன் தவணை மட்டும் ஓடும்.