புயலுக்கு முன்பே பிரதேச செயலகத்தைத் தயார்படுத்துவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பிரதேச செயலகங்களுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 2008 இல் நிஷா புயலும் 2020 இல் புரெவிப் புயலும் கார்த்திகையில்தான் வந்தன. அதனால் புயலில் உடையும் வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கான ஆயத்தத்தை ஆவணியிலேயே தொடங்குங்கள்.

முதலில் ஆட்கணக்கு. காசு வந்தால் வீடு எழும்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சரி, உடைந்தவை 400 வீடுகள் என்று வையுங்கள். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் பார்த்து ஒப்பமிட 1600 தடவை போகவேண்டும். இரண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் நாளொன்றுக்கு ஆளுக்கு நாலு வீடு பார்த்தாலும் 200 வேலைநாள். அதற்குள் அடுத்த மாரி வந்துவிடும். பிரதேச சபையிலிருந்து யாரை இரவல் எடுக்கலாம், ஓய்வுபெற்றவர்களில் யார் வருவார்கள் என்று பட்டியல் எழுதி, அரசாங்க அதிபரின் சம்மதத்தை இப்போதே கடிதமாக வாங்குங்கள். வாகனமும் எரிபொருளும் யார் தருவது என்பதும் அதில் இருக்கட்டும்.

அடுத்தது காணி. அதிக நாள் இழுபடுவது இதில்தான். காணியின் உறுதிப் பத்திரம் தாயின் பெயரில் இருக்கும். தாய் காலமாகியிருப்பார், பிள்ளைகளில் இருவர் கனடாவில். வீடு உடைந்த பிறகு கையொப்பம் தேடி அலைந்தால் அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் தறப்பாளுக்குக் கீழேதான் கிடக்கும். கிராம அலுவலரையும் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சேர்த்து அனுப்பி, வீட்டுக்கு ஒரு தாள் நிரப்புங்கள்: குடியிருப்பது யார், உறுதிக் காணியா அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா, பங்காளிகள் யார் யார், கூரை ஓடா தகடா, கூடவே வீட்டின் படம். சிக்கலான காணிகளை மாரிக்கு முன்பே தனிக்கோவையாக்கி, பங்காளிகளோடு பேசத் தொடங்குங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் எழுதுங்கள், அவர்களைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

செலவு மதிப்பீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். நெடுந்தீவுக்குப் போகும் சீமெந்தைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறக்கி வள்ளத்தில் ஏற்றவேண்டும். நல்லூருக்குப் போட்ட தொகை அங்கே காணாது.

போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தில் 5.5 லட்சம் ரூபா கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது, வீட்டை அவர்களே கட்டினார்கள். எனக்கு அந்த முறையில்தான் நம்பிக்கை. அப்படியென்றால் கூரை மரத்தை இரும்புப் பட்டியால் சுவரோடு பிணைக்க ஊர் மேசன்மாருக்கு முன்கூட்டியே பழக்கவேண்டும்.

அப்புறம் முறைப்பாடு. பயனாளிப் பட்டியலைக் கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். சேதத்தை மதிப்பிட்டவரே முறைப்பாட்டையும் விசாரிக்கக் கூடாது. பக்கத்துப் பிரிவிலிருந்து வேறொருவரை அனுப்புங்கள். வயதானவர்கள் கடிதம் எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். வாயால் சொன்னாலும் பதிந்து, கையில் ஒரு இலக்கம் கொடுத்து அனுப்புங்கள்.